பெரிய வெள்ளித் தோரணம்

றாகேலம்மா கோவில் மணியடிக்கிறவரின் பெண்சாதி. கிறிஸ்மஸ், லெந்து, அறுப்பின் பண்டிகை எதுவென்றாலும் அந்த அங்கிலிக்கன் கோவிலைக் கூட்டி, துணி மாற்றி, சோடிப்பது அவள்தான். பாதிரியார் பிரசங்கத்தை மட்டும் பார்த்துக்கொள்வார்.

முப்பத்தாறாம் ஆண்டு மகள் கிரேசுக்குக் கலியாணம் பொருந்தியது. லெந்து என்ற நாற்பது நோன்பு நாட்களில் கலியாணம் இல்லை என்பதால், உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள் வைத்தார்கள். பெரிய வெள்ளியன்று றாகேலம்மா வழக்கம்போல கோவில் வாசலில் சாவீட்டுத் தோரணம் கட்டினாள். அதில் குருத்தோலைக் குருவிகளின் தலை கீழே பார்க்கும்; நல்ல காரியத்துக்கென்றால் மேலே பார்க்கும். பிறகு பலகாரம் சுடப் போனவள் தோரணத்தை மறந்தே போனாள்.

திங்கட்கிழமை நீர்வேலியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வண்டிகளில் வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமன் தம்பிஐயா சைவக்காரர். வாசலைக் கண்டதும் கையை நீட்டி மறித்தார்.

"ஒருதரும் இறங்காதேங்கோ. உதென்ன தோரணம்? ஆர் செத்தது?"

றாகேலம்மா ஓடி வந்து பார்த்தாள். பொய் சொல்ல நேரமில்லை.

"எங்கடை ஆண்டவர் அண்ணை. வெள்ளிக்கிழமை."

"அப்ப வண்டியைத் திருப்புங்கோ."

"ஏன் திருப்புறியள்? அவர் நேற்றே எழும்பிப் போட்டார். நான்தான் உதைக் கழட்டேல்லை."

தம்பிஐயா தாடியைத் தடவினார். "எழும்பினவரெண்டால் சாவீட்டுத் துடக்கில்லைத்தானே, தங்கச்சி?"

"எழும்பின வீட்டிலை என்ன துடக்கு?"

அவர் வண்டித் தட்டில் ஏறி நின்று, குருவிகள் மேலே பார்க்கும்படி தோரணத்தைத் தன் கையாலேயே திருப்பிக் கட்டினார். அதன்பிறகே மாப்பிள்ளையை இறங்கவிட்டார்.

அடுத்த ஆண்டிலிருந்து உயிர்த்த ஞாயிறு விடியவே றாகேலம்மா தோரணத்தைத் திருப்பிவிடுவாள். புது ஓலை வெட்டுகிற வேலையும் மிச்சம்.