சித்தி திருப்பிக் கூட்டிவந்த மலை

கடலூர்க்காரர்களுக்கு ஏற்றம் என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அந்த ஊரில் பிறந்த என் சித்தி, நீலகிரியில் மலையேற வருகிறவர்களைக் காலையில் கூட்டிப்போய் சாயங்காலம் பத்திரமாக இறக்கிவிடும் வேலையில் இருந்தாள். எங்கள் வீடு இருந்த செம்மண்டலத்தில் யாராவது கேட்டால், "ஊட்டியில ஆபீஸ் வேலை" என்று அம்மா சமாளித்துவிடுவாள். சிதம்பரத்திலிருந்து ஒரு வரன் வந்ததும் சித்தியை அழைத்துவர மாமா கிளம்பினார். பள்ளிக்கூடம் லீவு என்பதால் நானும் ஒட்டிக்கொண்டேன்.

"ஊர் சுத்துனது போதும். பையக் கட்டுடி," என்றார் மாமா, போய் இறங்கியதுமே.

"நாளைக்கு ஒரு குரூப் இருக்குண்ணே. முடிச்சிட்டுப் பேசலாம். நீங்களும் வாங்க."

தங்கச்சி ஏறுகிற மலைதானே என்று மாமா செருப்புக் காலோடு வந்தார். சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு கூட்டத்தோடு நாங்களும் நடந்தோம். மரமே இல்லாத புல்வெளி. பச்சையாகத் தெரிந்த இடத்தில் கால் வைத்தால் அடியில் சேறு. மாமா முழங்கால்வரை புதைந்தபோது சித்தி கம்பை நீட்டி இழுத்துவிட்டாள். செருப்பையும் தோண்டியெடுத்துக் கையில் கொடுத்தாள்.

உச்சி இதோ என்று தெரிந்த இடத்தில் சித்தி நின்றாள். எதிர்மலையில் மூடுபனி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எறங்கிடலாம்," என்றாள்.

கூட்டத்தில் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. "பத்து நிமிஷம்கூட ஆகாது. நாங்களே போயிக்கிறோம்."

"போவக் கூடாது சார். பனி மூடிடுச்சுன்னா அந்தப் பக்கம் பள்ளம் தெரியாது. கூட்டிட்டு வந்தது நான்." சித்தி குரலை உயர்த்தவே இல்லை.

அவர் சித்தியைத் தாண்டி நடக்கப் பார்த்தார். சேறு காயாத காலோடு மாமா குறுக்கே போய் நின்றார்.

"அவுங்கதான் சொல்றாங்கல்ல? எறங்குங்க சார்."

பாதி தூரம் இறங்கித் திரும்பிப் பார்த்தால் மலையையே காணோம். முன்னால் போகிறவரின் முதுகுகூட மங்கிவிட்டது. சண்டை போட்டவர் சித்தியின் முதுகுப்பை வாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. "எங்க சித்தி, எங்க சித்தி" என்று கேட்காதவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இறங்கினேன்.

கீழே வந்ததும் மாமா அம்மாவுக்குப் போன் போட்டார். "நான் மட்டும்தான் வர்றேன். அவுங்களுக்கு இங்க வேலை கெடக்கு. என்ன வேலைன்னு சிதம்பரத்துக்காரங்ககிட்ட மறைக்காம சொல்லிடு."

சொந்தத் தங்கச்சியைப் போய் அவுங்க, இவுங்க என்கிறாரே! குளிரில் மாமாவுக்கு நாக்கு குழறுகிறது என்று நினைத்து, ஓடிப்போய் அவருக்குச் சூடாக ஒரு டீ வாங்கி வந்தேன்.