எட்டு நிமிடக் கணக்கு

தென்காசியில் மிக்ஸியும் மோட்டாரும் ரிப்பேர் பார்க்கும் பெலிக்ஸ், எங்கேயும் நேரத்துக்குப் போனதாகச் சரித்திரம் கிடையாது. சொந்தக் கல்யாணத்துக்கே வேதக்கோயிலில் பாதிரி ஐயரும் ஜனமும் காத்துக் கிடந்தார்கள். கேட்டால் ஒரே பதில்தான். “நம்ம கோயில் கடிகாரம் எட்டு நிமிஷம் மெதுவா ஓடுதுல்லா? அதப் பாத்து வந்தா இப்படித்தான்.”

இதில் வயிறு காய்ந்தது மனைவி கிறிஸ்டிக்கு. வருஷத்துக்கு ஒருநாள் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் அசனத்தில், கோயில் கடிகாரம் பகல் பன்னிரண்டு அடித்ததும் முதல் பந்தி. அவருக்காகக் காத்திருந்தே இருபத்திரண்டு வருஷமாக அவளுக்குக் கடைசிப் பந்தி; ஆறின சோறு, கறி இல்லாத குழம்பு.

“இந்த வருஷம் காத்திருக்க மாட்டேன், பாத்துக்கோங்க. கடிகாரத்து மேலதான் குத்தம்னா அதச் சரி பண்ணுங்க” என்று சொல்லிவிட்டாள்.

பெலிக்ஸுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கோயில் கோபுரத்தில் ஏறி, முள்ளை எட்டு நிமிஷம் முன்னால் தள்ளி வைத்து, பெண்டுலத்தின் அடியில் ஒரு காந்தத்தை ஒட்டி, அதற்குக் கீழே கம்பிச்சுருள் வைத்தார். மேலே ஜிபிஎஸ் ஆன்டெனா. செயற்கைக்கோள் சொல்லும் ஒவ்வொரு விநாடிக்கும் சுருள் பெண்டுலத்தை இம்மியளவு இழுத்துவிடும். முந்தவும் விடாது, பிந்தவும் விடாது. பழைய சக்கரங்கள் அதே டக் டக்கோடு ஓடின. கோயிலைக் கூட்டி மணியடிக்கும் கோயில்குட்டியார் ஏசுவடியான் ஒரு வாரம் செல்போனோடு ஒத்துப் பார்த்து அசந்துபோனார்.

அசனத்தன்று, கிறிஸ்டியோடு முதல் பந்தியில் உட்காரப் போகிற சந்தோஷத்தில் பெலிக்ஸுக்குக் கால் தரையில் பாவவில்லை. சாரல் வேறு. குளித்துவிட்டே போவோம் என்று ஸ்கூட்டரைக் குற்றாலத்துக்கு விட்டார். ஐந்தருவியில் தலையைக் கொடுத்தவருக்கு வெளியே வர மனம் வருமா? துவட்டிக்கொண்டு செல்போனைப் பார்த்தால் பதினொன்றே முக்கால். கோயிலுக்கு இருபது நிமிஷம் ஆகும். ‘நம்ம கடிகாரம் எட்டு நிமிஷம் கழிச்சுத்தான அடிக்கும்’ என்று ஒரு டீயும் குடித்தார்.

வழியில் இலஞ்சி தாண்டும்போதுதான், அதைச் சரி செய்த புண்ணியவான் யார் என்பது நினைவுக்கு வந்தது. ஸ்கூட்டரை முறுக்கிப் பிடித்தார்.

பந்தல் வாசலில் போய் நின்றபோது முதல் பந்தியில் இடமே இல்லை. நடுவில் கிறிஸ்டி, ஆவி பறக்கும் சோற்றில் கறிக்குழம்பைப் பிசைந்துகொண்டிருந்தாள். அசனத்தில் அவள் சூடாகச் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. வெட்கமாக இருந்தது, கூடவே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், அத்தனை சந்தோஷமாகவும் இருந்தது. சட்டைக் கையை மடித்துவிட்டு, கறி வாளியைத் தூக்கிக்கொண்டு அவள் இலைக்கு முன்னால் போனார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“கடிகாரம் நல்லாத்தான் ஓடுது. இன்னும் ரெண்டு துண்டு போடுங்க.”