டவர் இல்லாத சாலைக்காக

திருச்செங்கோட்டில் வகுப்பு முடித்து வெளியே வந்தபோது பூங்கொடியின் அக்கா போனில் அழைத்தார். "தங்கச்சி போயிட்டாளுங்க சார்" என்றார். எங்கள் பொறியியல் கல்லூரியின் கணினித் துறையில் என்னோடு வேலை பார்த்தவர் பூங்கொடி. புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்தும் மனம் ஏற்கவில்லை.

அவர் ஏன் அந்த ஓர் ஆராய்ச்சியையே பிடித்துக்கொண்டிருந்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. அவருடைய தம்பி போர்வெல் லாரி ஓட்டியவர். வெளிமாநிலத்துக் காட்டுச் சாலையில் வண்டி கவிழ்ந்தது. அங்கே டவர் இல்லை. பின்னால் வந்த நம்மூர் லாரி ஒன்று, விஷயம் தெரியாமல் வேறு பாதையில் திரும்பிவிட்டது. ஆட்கள் கண்டபோது தம்பி இறந்திருந்தார்.

டவர் இல்லாத இடத்தில், ஓடுகிற லாரிகளே, தம்மில் பொருத்திய சிறு கருவிகள் மூலம், ஒன்றிடமிருந்து ஒன்று சேதியை வாங்கி, உதவி கிடைக்கும் இடத்துக்குக் கடத்த வேண்டும். இதுதான் அவர் எடுத்துக்கொண்ட வேலை. லாரிகள் நகர நகர வழியும் மாறும். நடுவில் ஒரு கருவி, கடத்திவிடுகிறேன் என்று பொய் சொல்லிச் சேதியை விழுங்கிவிடவும் கூடும். அதனால் முதலில், ஒவ்வொரு கருவியும் அடுத்ததை நம்பலாமா என்று தீர விசாரிக்கும்படி அமைத்தார். "விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள எதுத்தாப்ல வந்த லாரி தாண்டிப் போயிருதுங்க சார்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தார். பிறகு அடிக்கடி சொல்வார்: "ஆரையும் நம்பலீன்னா சேதி நகராதுங்க. எல்லாத்தையும் நம்புனா போய்ச் சேராதுங்க." இரண்டுக்கும் நடுவே வழி தேடித்தான் அவருடைய ஆண்டுகள் போயின.

சங்ககிரியில் கருவியைப் பொருத்தப் போனபோது ஓர் ஓட்டுநர் மறித்தார். "இது எங்களை வேவு பாக்கற பொட்டிங்களா அம்மிணி?"

"இல்லீங்ணா. சேதி பூட்டித்தான் போகும். கொண்டுபோற லாரிக்கே உள்ள என்னன்னு தெரியாதுங்க."

அவர் சற்று யோசித்து, "அப்பச் செரி, மாட்டுங்க" என்றார்.

சோதனை நாளில் போன் இணைப்புகளை எல்லாம் அணைத்தோம். ஒரு லாரியில் வேண்டுமென்றே பொய் சொல்லும் கருவியை வைத்தோம். வெண்ணந்தூர்ப் பக்கமிருந்து கிளம்பிய சேதி, அந்த லாரியை ஒதுக்கிவிட்டு, மற்றவை வழியாகச் சங்ககிரிக்கு வந்து சேர்ந்தது. நாங்கள் கைதட்டினோம். பூங்கொடி லாரி நிழலில் உட்கார்ந்து அழுதார். "அன்னைக்கு இது இருந்திருக்கோணுங்க சார்" என்றார்.

அதன்பின் கல்லூரியில் மாணவர் சேர்க்கை குறைந்தது. "லாரிக்காரங்களுக்கு இதெல்லாம் எதுக்குங்க மேடம்? அட்மிஷனப் பாருங்க" என்றார் முதல்வர். ஆய்வகத்தைப் பூட்டினார்கள். கருவிகளைக் கழற்றினார்கள். பூங்கொடி பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைத் தேடி ஊர் ஊராக வெயிலில் அலைந்தார். வயிற்று வலியை அலைச்சலால் வந்தது என்றே நினைத்துவிட்டார். மருத்துவரிடம் போனபோது காலம் கடந்திருந்தது.

சேலத்து மருத்துவமனையில் கடைசியாகப் பார்த்தேன். "அந்த வேலைய எடுத்துப் பண்ண ஆராச்சும் இருக்காங்களா சார்?" என்று கேட்டார். நான் அவருடைய போர்வையை இழுத்துவிட்டேன். "செரி உடுங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் நினைவாக என்னிடம் படமோ பொருளோ இல்லை. அந்தக் கேள்வி மட்டும் இருக்கிறது. அதற்கு "இருக்கேனுங்க" என்று சொல்ல இன்றுவரை ஓர் ஆளும் வரவில்லை.