இரண்டாம் பந்தி

லூயிஸ் தீவின் மேற்குக் கரையில் டோலினா மக்காலே என்று பெயர் சொன்னால் இரண்டு சங்கதி நினைவுக்கு வரும். ஒன்று, அவள் வாய். இன்னொன்று, அவள் சாப்பிடாத விருந்து.

வாய்க்கு ஒரு சான்று போதும். கல்யாணத்துக்கு முன்னால் ஹெர்ரிங் மீன் அறுக்கும் பெண்களோடு அவள் யார்மத் துறைமுகத்துக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு தெருப் பிரசங்கியார் பெட்டிமேல் ஏறி நின்று, "கையைத் தூக்குங்கள்! இரட்சிப்பை நீங்களே தேர்ந்தெடுங்கள்! முடிவு உங்கள் கையில்!" என்று கூவிக்கொண்டிருந்தார். டோலினா கத்தியை நிறுத்தாமலே, "ஏங்கய்யா, இந்த மீனு வலையில விழுந்துட்டு, நான்தான் வலையைப் பாத்துப் பொறுக்கினேன்னு சொன்னா நம்புவீங்களா?" என்று கேட்டாள். வரிசையே சிரித்தது. அந்தப் பேச்சு அவளுக்கு முன்னால் எங்கள் ஊரான ஹால்டபோஸ்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது. பெண்கள் பேச்சுக்கு எங்கள் சபை மூப்பர்கள் லேசில் தலையாட்டமாட்டார்கள். அதற்கு ஆட்டினார்கள்.

உலகம் உண்டாகும் முன்னே, யாரை மீட்பது என்று கடவுள் தீர்மானித்துவிட்டார் என்பது எங்களுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். நம் நல்லதனத்தைப் பார்த்து அல்ல, தம் சித்தப்படி. இதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சந்தேகம் வேறு இடத்தில். அவர் தெரிந்துகொண்டவர்களில், அதாவது மீட்பதற்கென்று தேர்ந்தெடுத்தவர்களில், நான் உண்டா? அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டும் மேட்டிலும் தறியடியிலும் உருளைக்கிழங்குப் பாத்தியிலும் எங்கள் ஆட்கள் மண்டையை உடைத்துக்கொண்டது இதற்காகத்தான்.

திருவிருந்துக் காலம் வந்தால் அது முற்றிப்போகும். வியாழன் முதல் திங்கள் வரை ஆராதனை. சுற்றுவட்டாரமே திரண்டு வந்து வீடு வீடாகத் தங்கும். டோலினா வீட்டில் மாட்டுக் கொட்டகை வரைக்கும் வைக்கோல் மெத்தை போட்டிருக்கும். அவள் கணவன் டோர்க்கில் நெசவுக்காரன். படுக்க இடமில்லாமல் தறியின் பலகைமேல் சுருண்டுகொண்டு, "இன்னும் ரெண்டு பேரு வந்தா என்னையும் துணியோட சேத்து நெய்ஞ்சிரு" என்பான். ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டே இருக்கும். ஞாயிறன்று ஆலயம் பிதுங்கும். ஆனால் வெள்ளைத் துணி விரித்த மேசைக்குப் போய் அப்பமும் திராட்சரசமும் எடுப்பவர்கள் ஒரே ஒரு மேசை அளவுதான். அதிலும் காலியிடம் இருக்கும். மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய் ஆறிப்போன கறி சாப்பிடுவார்கள்.

வேறு நாட்டுக்காரருக்கு இது புரியாது. தெரிந்துகொள்ளப்படாதவன் அந்த மேசையில் கை வைத்தால் அவன் தின்பது தண்டனையை என்று நாங்கள் நடுங்கினோம். அடையாளம் கிடைக்கவேண்டும். ஒரு வேத வசனம் நெஞ்சைப் பிளந்துகொண்டு இறங்கவேண்டும். டோலினாவின் தகப்பனுக்கு அப்படி ஆகியிருந்தது. ஆடு தேடிப் போன இடத்தில், சேற்று நிலத்தின் நடுவே முட்டி போட்டு அழுதாராம். டோலினா காத்திருந்தாள். பிள்ளைகள் பிறந்து வளர்ந்து கடலேறிப் போனார்கள், தலை நரைத்தது, அவளுக்கு எந்த வசனமும் இறங்கவில்லை. அத்தனை பேருக்கும் சமைத்துப்போட்டுவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்காருவாள்.

இதில்தான் வேடிக்கை. மேசைக்குப் போகிறவனை எங்கள் ஊர் ஒரு கண்ணால் பார்க்கும்: "இவனுக்கு அவ்வளவு நிச்சயமோ?" போகாதவளை இரண்டு கண்ணாலும் கும்பிடும். டோலினாவின் பயம் ஊர் ஊராகப் பரவியது. "இவ்வளவு பக்தி இருந்தும் தகுதியில்லேன்னு ஒதுங்கி இருக்கா பாரு, அதுதான் கிருபை!" என்றார்கள். வெளியூர்ப் போதகர்கள் அவள் வீட்டில்தான் தங்குவேன் என்று கேட்டு வாங்கித் தங்கினார்கள்.

டோர்க்கிலுக்கு மட்டும் இது ஒத்துக்கொள்ளவில்லை. "விருந்துக்குக் கூப்பிட்டவரு வாசல்ல நிக்கிறாரு. நீ என்னடான்னா, என்னைக் கூப்பிடணும்னு எப்போ நெனச்சாருன்னு விசாரணை நடத்துற."

"உங்க வேலை நெய்யறது. நெய்யுங்க."

"நீ போற வரைக்கும் நானும் போக முடியாது. போனா இந்த வீட்ல எனக்குச் சோறு கிடைக்குமா?"

ஒரு வருஷம், இலையுதிர்காலத்துத் திருவிருந்து. வெள்ளிக்கிழமை எங்களுக்குக் கேள்வி நாள். உண்மையான விசுவாசிக்கும் போலிக்கும் வித்தியாசம் என்ன, அடையாளம் சொல்லுங்கள் என்று போதகர் கேட்பார். அனுபவப்பட்ட ஆண்களை அவர் பேர் சொல்லிக் கூப்பிட, அவர்கள் எழுந்து பேசுவார்கள். பெண்களுக்கு அன்று காது மட்டும்தான். வயதில் மூத்த மூப்பர் ஈவாண்டர் எழுந்தார். தாடி நெஞ்சுவரை, குரல் அதற்கும் கீழே இருந்து வரும்.

"அடையாளம் கேக்குறீங்க. இந்தச் சபையில ஒரு பொம்பளை இருக்கா. பேர் சொல்லமாட்டேன். நம்ம எல்லாருக்கும் சோறு போட்ட கை அது. அந்தக் கை இன்னைக்கு வரைக்கும் அந்த அப்பத்தைத் தொடத் துணியலை. எனக்கு அதுதான் அடையாளம்."

தலைகள் திரும்பவில்லை, எங்கள் ஆட்கள் மரியாதை தெரிந்தவர்கள். ஆனால் முதுகுகள் எல்லாம் அவளையே பார்த்தன. டோலினா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். உள்ளே தேன் சொட்டியது. இன்னும் கொஞ்சம் சொல்லமாட்டாரா என்று இருந்தது.

ஆராதனை முடிந்து, சூப்பை ஒரு சட்டியில் ஊற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். அங்கே கெனினா படுத்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே பீப்பாயில் மீன் அடுக்கியவர்கள், ஒரே வருஷம் கல்யாணமானவர்கள். கெனினாவுக்கு இப்போது மார்புநோய். அடுத்த திருவிருந்தை அவள் பார்க்கமாட்டாள் என்று வைத்தியர் மட்டுமல்ல, அவளுமே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"ஈவாண்டர் உன்னைப் பத்தித்தான் பேசினாராமே? என் மவன் வந்து சொன்னான்."

"அட, அவரு ஏதோ..." என்றாள் டோலினா. குரலில் தேன் இன்னும் ஒட்டியிருந்தது.

"நல்லதாப் போச்சுடி. எனக்கும் ஒரு முடிவு கிடைச்சுது." கெனினா இருமி முடித்தாள். "இந்தத் தடவை மூப்பருங்ககிட்ட போய்க் கேக்கலாம்னு இருந்தேன். சாகுறதுக்கு முன்னாடி ஒரு தடவை அந்த மேசையில உக்காந்துடணும்னு ஒரே ஏக்கம். யோசிச்சுப் பாத்தேன். டோலினாவே போகலைன்னா நான் எந்த மூலைக்கு? வேண்டாம். விட்டுட்டேன்."

டோலினா சட்டியைக் கீழே வைத்தாள்.

"நானா உன்னைப் போகாதேன்னேன்?"

"நீ ஏன் சொல்லணும்? கிணத்தடியில எல்லாப் பொம்பளைங்களும் அதைத்தானே சொல்றாங்க. டோலினாவுக்கே இல்லைன்னா நமக்கு எங்கேன்னு."

டோலினா வீட்டுக்குத் திரும்பவில்லை. கடலோரமாகவே நடந்தாள். முதலில் ஈவாண்டர்மேல் கோபம் வந்தது, பிறகு கெனினாமேல். கோபம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் அதற்குரிய வீட்டுக் கதவைத் தட்டியது. தாழ்மை என்று இத்தனை காலம் பொத்திப் பொத்தி வளர்த்தோமே, அது தாழ்மையே இல்லை. தலையெடுத்த பெருமை. பயம் எப்போதோ செத்துப்போய், அதன் சட்டையைப் பெருமை போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறது. அவளுக்கு வெட்கத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. இப்படி ஒரு பாவியை இந்தக் கரை கண்டிருக்காது என்று தோன்றியது. உடனே, பாவத்திலும் முதலிடம் கேட்கிறாயாடி என்று தன்னையே திட்டிக்கொண்டு, அழுகையும் சிரிப்புமாக ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டாள்.

சனிக்கிழமை காலை, ஆலயத்தின் பக்க அறையில் போதகர் மக்காஸ்கில்லும் மூப்பர்களும் உட்கார்ந்திருந்தார்கள். மேசைக்கு வர விரும்புகிறவர்கள் அன்று அவர்கள்முன் நின்று பதில் சொல்லி, ஈயத்தில் வார்த்த ஒரு சின்ன வில்லையை அனுமதிச் சீட்டாக வாங்கிக்கொள்ள வேண்டும். வில்லை இல்லாமல் ஞாயிறன்று யாரும் பந்தியில் உட்கார முடியாது. டோலினா உள்ளே வந்ததும், விருந்தாளிகள் சாப்பாட்டு விஷயம் பேச வந்திருக்கிறாள் என்றுதான் அவர்கள் நினைத்தார்கள்.

"எனக்கு வில்லை வேணுங்கய்யா."

ஈவாண்டரின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. போதகர்தான் முதலில் பேசினார். "சந்தோஷம்மா. ஏதாவது அடையாளம் கிடைச்சுதா? வசனம் ஏதாவது?"

"ஒண்ணும் கிடைக்கலைங்கய்யா."

"பிறகு என்ன நடந்துச்சு?"

"நேத்து ஈவாண்டர் அய்யா என்னைப் புகழ்ந்தாரு. எனக்கு இனிச்சுது. சர்க்கரைக் கட்டி மாதிரி வாயில ஒதுக்கிக்கிட்டு கெனினா வீட்டுக்குப் போனேன். போன இடத்துல தெரிஞ்சுது, அந்த மேசைக்குப் போற வழியில நான் குறுக்க உக்காந்திருக்கேன். நானும் போகலை, வர்றவங்களையும் விடலை. இத்தனை வருஷமா பாவி பாவின்னு வாயால சொல்லிக்கிட்டு இருந்தேன். நேத்துதான் நெசமா பாவின்னு கண்டுபிடிச்சேன்."

ஈவாண்டர் தொண்டையைக் கனைத்தார். "டோலினா, அடுத்தவளுக்காக யாரும் அந்த மேசைக்குப் போகக்கூடாது. கெனினாவுக்காகக் கேக்குறியா?"

"அவளை நெனச்சுத்தான் எனக்கு ரோஷம் வந்துச்சு. போறது எனக்காகத்தான். எனக்குப் பசிக்குதுங்கய்யா."

"சரி. ஆனா நீ தெரிந்துகொள்ளப்பட்டவதான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

 எங்கள் சபையே இந்த ஒரு கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு கிடந்தது.

"தெரியாதுங்கய்யா," என்றாள் டோலினா. "உலகம் உண்டாகுறதுக்கு முன்னாடி தீர்மானம் பண்ணினவரு அவரு. அப்போ என்கிட்ட யோசனை கேக்கலை. இப்போ அதை வேவு பாக்குற வேலையையும் எனக்குக் குடுக்கலை. பாவிங்களை வரச்சொல்லிக் கூப்பிடுற சத்தம் காதுல விழுது. நான் பாவி. அந்த அளவுக்குத்தான் எனக்குக் கணக்குத் தெரியும். என்னைத் தள்ளணும்னா அவரு தள்ளட்டும், மேசையில வச்சே தள்ளட்டும். வாசல்லயே நின்னு என்னை நானே தள்ளிக்கிட்டது போதும்."

 ஈவாண்டர்தான் பைக்குள் கை விட்டு ஒரு வில்லையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அப்படியும் மனிதர் விட்டுக்கொடுக்கவில்லை.

"நீ பாட்டுக்குப் போயிட்டே. இனிமே நான் கேள்வி நாள்ல யாரை உதாரணம் சொல்றது?"

"உங்களையே சொல்லிக்கோங்க. நல்லா இனிக்கும்."

அன்று சனிக்கிழமை. ஞாயிறன்று எங்கள் ஊரில் ஒரு குடம் தண்ணீர்கூட இறைக்கமாட்டோம்; ஆகையால் ஊரிலுள்ள அத்தனை பெண்களும் கிணற்றடியில் இருந்தார்கள். டோலினா கையைப் பொத்திக்கொண்டு ஓட்டமும் நடையுமாக அவர்களைக் கடந்து கெனினா வீட்டுக்குள் நுழைந்ததைப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் டோர்க்கில் குதிரை வண்டியைப் பூட்டுவதைப் பார்த்தார்கள். கெனினாவைப் போர்வையோடு தூக்கி உட்கார வைப்பதையும் பார்த்தார்கள்.

"எங்கேடி அவளைத் தூக்கிட்டுப் போறே?" என்று ஒருத்தி கத்தினாள்.

"மூப்பருங்ககிட்ட! வில்லை வாங்க!"

"யாருக்கு?"

"அவளுக்கு. நான் வாங்கிட்டேன்!" டோலினா கையை விரித்துக் காட்டினாள்.

குடங்கள் அப்படியே நின்றன. வண்டி நகர்ந்தபோது ஒருத்தி இடுப்பில் கட்டிய துணியில் கையைத் துடைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். அப்புறம் இன்னொருத்தி. போதகர் பக்க அறையைப் பூட்டிக்கொண்டு வெளியே வந்தவர், மேட்டில் ஏறிவந்த கூட்டத்தைப் பார்த்துவிட்டுச் சாவியைத் திரும்பத் துவாரத்தில் போட்டார். கூட்டத்தின் கடைசியில் டோர்க்கில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், மேசைக்கு வரக்கூடாதவர்கள் யார் யார் என்று போதகர் சொன்னார். அது எங்கள் வழக்கம். பொய்யர், புறங்கூறுகிறவர், பகை வைத்திருக்கிறவர், பெருமைக்காரர். இதைக் கேட்டுத்தான் எத்தனையோ கால்கள் எழாமலே போயின. டோலினா ஒவ்வொன்றுக்கும் மனசுக்குள், நான்தான், நான்தான் என்று சொல்லிக்கொண்டு வந்தாள். இப்படி இருப்பதை அறிந்து அழுகிறவர்கள் வாருங்கள் என்று போதகர் முடித்தார். பாட்டுக்காரர் எழுந்து சங்கீதத்தின் முதல் வரியை இழுத்தார். சபை அலைபோல அதைப் பின்தொடர்ந்தது.

முதல் வரியில் யாரும் எழமாட்டார்கள். ஆசைப்படுவதாகத் தெரிந்துவிடக் கூடாதே! மூன்றாவது, நான்காவது சரணத்தில்தான் தயங்கித் தயங்கி ஒருவர் அசைவார். டோலினா முதல் வரி முடியும் முன்னே எழுந்துவிட்டாள். கெனினாவின் இடுப்பில் கை கொடுத்துத் தூக்கினாள். நடைபாதை நீளம், கெனினாவுக்கு மூச்சு வாங்கியது, டோலினா நிற்க விட்டு, மறுபடி நடத்திக்கொண்டு போனாள். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை. மேசைத் தலைமாட்டில் நின்ற ஈவாண்டர் வில்லைகளை வாங்கிக்கொண்டே இருந்தார். மேசை நிறைந்தது. நடைபாதையில் ஆட்கள் நின்றார்கள். சங்கீதம் முடிந்துவிட்டது, வருகிறவர்கள் முடியவில்லை. பாட்டுக்காரர் போதகரைப் பார்த்தார், போதகர் தலையசைத்தார், அவர் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினார். அந்த ஆலயம் கட்டின நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை. சந்தோஷம் தாளாமல் டோலினாவுக்கு மேசையில் உட்கார்ந்தபடியே சிரிப்பு பொங்கியது. ஆலயத்தில் சிரிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அவள் சிரித்தாள்.

அப்பம் வந்தது. கெனினா தன் துண்டைப் பிட்டு, வாயில் வைத்து, கண்ணை மூடி மெதுவாக மென்றாள். கிண்ணம் வந்து போனது. ஒரு பந்தி முடிந்தது. கெனினா எழவில்லை, மேசையின் வெள்ளைத் துணிமேல் உள்ளங்கையை வைத்தபடி இருந்தாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் இருந்துக்கிறேன்டி," என்றாள் ரகசியமாக. "எவ்வளவு காலம் காத்துக்கிடந்தோம்."

டோலினா திரும்பிப் பார்த்தாள். நடைபாதை முழுக்க வில்லையைப் பொத்திய கைகள். கிணற்றடிப் பெண்கள், அவர்களின் புருஷன்மார், முன்வரிசையில் தொப்பியைக் கசக்கிக்கொண்டு டோர்க்கில்.

"எழுந்திரு கெனினா," என்றாள். "ரெண்டாம் பந்திக்கு ஆளு நிக்குது."