கோமாளி மீனும் கோபக் கடிதமும்

எண்பதுகளின் முதல் பாதியில், காரைக்காலில் நான் வீட்டு முன்கட்டிலேயே ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்தபோது நடந்தது இது. எனக்கு அப்போது முப்பது வயது. வீட்டுக்கு வீடு உயரமாகக் கம்பம் நட்டு, ஆன்டெனா கட்டி, இலங்கை டி.வி. பார்த்த காலம். படம் புள்ளி புள்ளியாக வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், காற்றில் கம்பம் சாய்ந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எதைக் கொடுத்தாலும் கழற்றி மாட்டிவிடுவேன் என்று எனக்கு நல்ல மண்டைக்கனம்.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த சினேகிதன் ஒரு பத்திரிகை கொண்டுவந்தான். அதில் ஒரு படம். கண்ணாடித் தொட்டியில் உப்புத் தண்ணீர், அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். கோமாளி மீன் என்று பெயராம். பார்த்த நிமிடமே எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. கண்ணாடி ஒட்டும் பசையை அதே சினேகிதன் அனுப்பிவைத்தான். இரண்டடித் தொட்டியை நானே ஒட்டினேன். பழைய காலிங்பெல் காயிலையும் சைக்கிள் டியூப் ரப்பரையும் வைத்துக் காற்று ஊதும் பம்பையும் நானே செய்தேன். சைக்கிளில் இரண்டு கேன் கட்டி, அரசலாறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீர் பிடித்து வந்து நிரப்பினேன். பங்குனி வெயிலில் ஆறு வறண்டு கிடந்ததால் அங்கே சுத்தமான கடல்தண்ணீர்தான் இருந்தது.

"எல்லாம் சரிங்க, மீனு எங்க?" என்று கேட்டாள் என் மனைவி. நியாயமான கேள்வி. எங்கள் கடல் மணலும் சேறும்தான். அந்த மாதிரி மீன் பாறைக் கடலில்தான் இருக்கும்.

என் லாத்தாவை, அதாவது கூடப்பிறந்த அக்காவை, கீழக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தோம். மச்சானுக்குக் கடல்பாசி வியாபாரம். தீவுப் பக்கம் வள்ளத்தில் போய், முங்கிப் பாசி பறித்துவரும் பெண்கள் அதைக் காயவைத்து அவரிடம்தான் எடை போடுவார்கள். நான் போய்ப் படத்தைக் காட்டியதும், அந்தப் பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டுவிட்டார். என் வயதுதான் இருக்கும். விரல் நுனிகளில் துணி சுற்றியிருந்தாள், பாறை அறுக்காமல் இருப்பதற்காக. படத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"இந்தக் கலரு இங்க கெடையாதுண்ணே. நம்ம பக்கம் கறுப்பும் மஞ்சளுமாத்தான் இருக்கும். பூவுக்குள்ள குடியிருக்கிற மீனு. வேணுமா?"

கடலடிப் பாறையில் ஒட்டிக்கொண்டு, விரல் விரலாக ஆடும் ஓர் உயிரைத்தான் அவர்கள் பூ என்கிறார்கள். மற்ற மீன் தொட்டால் கொட்டும், இந்த மீனை மட்டும் ஒன்றும் செய்யாதாம்.

மறுநாள் மத்தியானம் கரையில் இரண்டு வாளி நிறைய மீன்களோடு நின்றாள். அப்பப்பா, என்ன அழகு! மைக்கறுப்பு உடம்பில் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளைப் பட்டை, வால் மட்டும் மஞ்சள். நான் உடனே இருப்பதில் பெரிதாக இரண்டைக் காட்டினேன்.

"ரெண்டு பெருசு ஒரு தொட்டியில வாழாதுண்ணே. ஒரு பூவுல ஒரு பெருசுதான். அதுதான் பெட்டை. கூட இருக்கிற சின்னது கெடா."

எனக்குச் சிரிப்பு வந்தது. பெரியது ஆண், சின்னது பெண் என்பதுதானே உலகம்? தரமான மீனை வேறு யாருக்கோ வைத்துக்கொண்டு நோஞ்சானை நம் தலையில் கட்டப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் சண்டை போடவில்லை. நான் கேட்ட இரண்டு பெரிய மீன்களையும் ஒரே வாளியில் விட்டாள். மூச்சு விடுவதற்குள் இரண்டும் வாயோடு வாய் கவ்விச் சுழன்றன. பிரித்து எடுத்துவிட்டு, ஒரே பூவிலிருந்து பிடித்த பெரியதையும் சின்னதையும் விட்டாள். சின்னது பெரியதன் முன்னால் போய் உடம்பை ஓர் உதறு உதறியது.

"சலாம் வைக்குது பாத்தீங்களா பாய்?" என்று சிரித்தாள்.

பிறகு எப்படிப் பார்த்து எடுக்க வேண்டும் என்று சொன்னாள். செதில் கிழியாமல் இருக்க வேண்டும், கண் வெளுத்திருக்கக் கூடாது. "கையை விட்டா ஓடி ஒளியிறதை எடுக்காதீங்க. எதுத்து வருதே, அதுதான் பொழைக்கும்." நான் கையை விட்டேன். பெரியது நேராக வந்து என் விரலைக் கடித்தது. சின்னதற்கு நடுப்பட்டை பாதியிலேயே நின்றுபோயிருந்தது. பூவைக் கேட்டேன். தரமாட்டேன் என்றாள். பேர்த்தால் செத்துவிடுமாம், ஒரு மண்சட்டியைச் சாய்த்து வைத்தால் அதையே வீடாக்கிக்கொள்ளுமாம்.

பஸ்ஸில் வாளியை மடியில் வைத்து, வழியெல்லாம் சைக்கிள் பம்பால் காற்றடித்துக்கொண்டே வந்தேன். "என்ன பாய், மீனுக்குப் பஞ்சரா?" என்று கேட்டார் கண்டக்டர்.

நாலு மாதம் என் கடையில் திருவிழாதான். ரிப்பேருக்கு ஒன்றும் இல்லாதவர்கள்கூட வந்து உட்கார்ந்தார்கள். அவள் சொன்னபடியே இரண்டும் சட்டிக்குள் குடியேறின. என் மனைவி இறாலைப் பொடிப்பொடியாக நறுக்கிப் போடுவாள். அவள் காலடிச் சத்தம் கேட்டாலே பெரியது கண்ணாடிக்கு வந்துவிடும்.

ஆடி பிறப்பதற்குச் சற்று முன்னால் ஆற்றில் புதுத்தண்ணி வந்தது. கடைமடைக்காரர்களான எங்களுக்கு அது எப்படிப்பட்ட சந்தோஷம் என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க முடியாது. ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. புதுத்தண்ணி என்றால் பரக்கத், அதாவது இறைவன் தரும் வளம், என்பார்கள் எங்கள் வீட்டில். அன்று சாயங்காலமே வழக்கமான இடத்தில், நுங்கும் நுரையுமாக ஆறு கடலில் விழுகிற இடத்தில், கேன்களை நிரப்பினேன். மீனுக்கும் புதுத்தண்ணி கிடைக்கட்டுமே என்ற ஆசை. கலங்கலாகத்தான் இருந்தது. குடிதண்ணீருக்குச் செய்வதுபோல் பானையில் தேத்தாங்கொட்டையை இழைத்துத் தெளிய வைத்தேன். பன்னீர் மாதிரி தெளிந்தது. பாதித் தொட்டியை மாற்றினேன், அடுத்த வாரமும் அதேபோல மாற்றினேன்.

பெரியது சாப்பிடுவதை நிறுத்தியது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நாலாம் நாள் சட்டிக்குப் பக்கத்தில் செத்துக் கிடந்தது. சின்னது அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. என் மனைவி அழுதுவிட்டாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. நான் செய்த பம்ப் ஓடுகிறது, நான் ஒட்டிய தொட்டி ஒழுகவில்லை, தண்ணீர் தெளிவாக இருக்கிறது. அப்படியானால் மீன்தான் நோஞ்சான்! உட்கார்ந்து மச்சானுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அந்தப் பெண் நோய் பிடித்த மீனைக் கொடுத்து என்னை ஏமாற்றிவிட்டாள், இப்படிப்பட்டவளோடு நீங்கள் எப்படி வியாபாரம் செய்கிறீர்கள் என்று காரசாரமாக.

"ஒருநாள் பொறுத்து எழுதலாம்லங்க" என்றாள் மனைவி. எழுதிய சூட்டோடு தபாலில் போட்டுவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து, காலையில் கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். வாசலில் அவள், கீழக்கரையில் மீன் பிடித்துக் கொடுத்தவள். தூக்கம் கெட்ட முகம், கையில் ஒரு பை.

"உங்க கடுதாசியைப் பத்துப் பொம்பளைக முன்னாடி வாசிச்சாரு உங்க மச்சான். என் பாசியை எடை போட மாட்டேன்னுட்டாரு. அவரு எடுக்காததை வேற யாவாரியும் எடுக்க மாட்டேங்குறாக. வள்ளத்துலயும் ஏத்த மாட்டேங்குறாக. ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு நான் என்ன செய்யட்டும்? நான் நோவாளி மீனு குடுத்தேனா? எங்க, அந்த மீனைக் காட்டுங்க."

கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தொட்டியைக் காட்டினேன். சின்னது சட்டிக்குள் ஒடுங்கிக் கிடந்தது. அவள் மீனைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலைத் தண்ணீரில் நனைத்து நாக்கில் வைத்தாள்.

"இது கடலாண்ணே? இதுல பாதி உப்புகூட இல்லையே!"

நான் போய் நனைத்துப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நாலு மாதத்தில் அந்தத் தண்ணீரை நான் வாயில் வைத்துப் பார்த்ததே இல்லை. எங்கே பிடித்தது என்று கேட்டாள். புதுத்தண்ணி வந்ததை, அதைத் தேத்தாங்கொட்டை போட்டுத் தெளிய வைத்ததை, எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு கூசியது. வயல் வயலாகப் பாய்ந்து, அடித்த பூச்சிமருந்தையெல்லாம் கழுவிக்கொண்டு வந்த தண்ணீரை அல்லவா ஊற்றியிருக்கிறேன்!

அவள் என்னைத் திட்டவில்லை. "மிச்சம் இருக்கிறதையாவது காப்பாத்துவோம். கடலுக்கு வாங்க" என்றாள்.

கடற்கரையில் வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒருவரிடம் பேசி, அவருடைய கட்டுமரத்தில் ஏறினாள். நானும் ஏறினேன். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவன், நீச்சல் தெரியாது. கயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். அலையைத் தாண்டியும் தண்ணீர் செம்மண் நிறமாகவே இருந்தது. அள்ளி நாக்கில் வைத்தாள், துப்பினாள். இன்னும் போகச் சொன்னாள். கடைசியில், "மேல ஆத்து நல்ல தண்ணி மெதக்குது. உப்பு அடியிலதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, ஒரு சின்னக் கேனில் கல்லைக் கட்டி, மூடியை இறுக்கி, சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்துவிட்டாள்.

ஆள் மறைந்துவிட்டாள். கலங்கல் தண்ணீரில் ஒன்றுமே தெரியவில்லை. நான் செய்த பிழைக்கு இந்தப் பெண் பலியாகிவிடக் கூடாதே என்று யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று கத்திக்கொண்டிருந்தேன். கட்டுமரக்காரர்கூட எழுந்து நின்றுவிட்டார். அப்போது கொப்புளம் கொப்புளமாகக் காற்றுக்குமிழி மேலே வந்தது. அடியில் போய் மூடியைத் திறந்திருக்கிறாள். பின்னாலேயே தலையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

"இப்ப வச்சுப் பாருங்கண்ணே நாக்குல."

நல்ல கரிப்பு. அப்படி ஏழெட்டுத் தடவை முங்கினாள். நான் வாங்கி வாங்கிப் பெரிய கேன்களில் ஊற்றினேன். என் ஊர்க் கடல், என் காலடியில் இரண்டு அடுக்காகக் கிடப்பது எனக்குத் தெரியாது. எங்கிருந்தோ வந்தவள் நாக்கு நுனியில் கண்டுபிடித்துவிட்டாள்.

அன்று எங்கள் வீட்டில்தான் தங்கினாள். தண்ணீரை ஒரேயடியாக மாற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாக ராத்திரிவரை மாற்றினாள். காலையில் சின்னது சட்டியை விட்டு வெளியே வந்து இறால் தின்றது. "பெருசு போயிருச்சுல்ல, இனி இதுதான் பெட்டையாகும். இதைவிடச் சின்னதா ஒண்ணு தாரேன், அது கெடாவா இருக்கும்" என்றாள். ஒரே பூவை வருஷக்கணக்காகப் பார்த்து வருகிறாளாம். ஆண் பெண்ணாவதாவது! ஆனால் அவளிடம் எதிர்த்துப் பேசும் யோக்கியதை எனக்கு இல்லாததால் தலையை ஆட்டினேன்.

தப்பு என்னுடையதுதான் என்று மச்சானுக்கு ஒரு கடிதம் எழுதித் தருகிறேன் என்றேன். அவள் வாங்க மாட்டேன் என்றாள். "கடுதாசிய வாசிச்சது பத்துப் பேருக்கு முன்னாடி. அந்தப் பத்துப் பேருக்கு முன்னாடி நீங்க வந்து சொல்லுங்க." எனக்கு முகம் சுருங்கிவிட்டது. மச்சான் முன்னால், அந்தப் பெண்கள் முன்னால், எப்படி? என் மனைவி என் சட்டையை எடுத்து வந்து கையில் கொடுத்தாள்.

அடுத்த பஸ்ஸில் அவளோடு போனேன். பாசி எடை போடும் கொட்டகையில், தராசுக்குப் பக்கத்தில் நின்று, தப்பு என் தண்ணீரில், இவள் கொடுத்த மீன் தங்கம் என்று சொன்னேன். மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். அவள் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்த் தன் பாசி மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தாள். அப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீரைப் பார்த்தேன்.

சொன்னபடியே எனக்கு ஒரு குட்டி மீனும் பிடித்துத் தந்தாள். அடுத்த வருஷம் முழுக்கப் பாதிப் பட்டைக்காரன் வளர்ந்துகொண்டே வந்தான். குட்டி அவன் முன்னால் போய் உடம்பை உதற ஆரம்பித்தது. ஒருநாள் காலையில் என் மனைவி கூப்பிட்ட கூப்பாட்டில் குடித்துக்கொண்டிருந்த டீயை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். சட்டியின் சுவரில் அரிசிக் குருணை அளவில், ஆரஞ்சு நிறத்தில், நூற்றுக்கணக்கில் முட்டைகள். ஒட்டவைத்துக்கொண்டிருந்தது அந்தப் பாதிப் பட்டை மீன். பின்னாலேயே குட்டி வந்து துடுப்பால் விசிறி விசிறிக் காவல் காத்தது. சுப்ஹானல்லாஹ்! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடையை அன்று திறக்கவே இல்லை. நானும் அவளும் தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம்.

லாத்தாவுக்கு எழுதி, அந்தப் பாசிக்காரப் பெண்ணிடம் சொல்லச் சொன்னேன். பதில் வந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவள் ஆச்சரியமே படவில்லையாம். "இப்பவாச்சும் நம்புறாராமா?" என்று மட்டும் கேட்டாளாம்.

அந்த ஒரு கேள்விக்கு, வெட்கத்தால், நான் இன்னும் பதில் எழுதவில்லை. ஆனால் யார்மீதாவது ஆத்திரப்பட்டு எழுத உட்காரும்போதெல்லாம், என் நாலு வரியால் வாரக்கணக்கில் பிழைப்பில்லாமல் இரண்டு பிள்ளைகளோடு நின்ற ஒரு பெண்ணின் முகம் எதிரே வந்துவிடுகிறது, பேனாவை மூடி வைத்துவிடுகிறேன்.