செருப்புச் சத்தம்

“முதல்ல உங்கட செருப்பைக் கழட்டுங்கோ,” என்றார் ரீச்சர்.

காலை பத்து மணி வெயில், திருகோணமலைத் தபால் கந்தோர் முன்னால், நடுத்தெரு. எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. நாய் பழக்க வந்த மனுசிக்கு என் காலில் என்ன வேலை?

“கழட்டிப்போட்டு அவருக்குப் பின்னால நடவுங்கோ. சத்தம் வரக்கூடாது.”

கழற்றினேன். முன்னால் என் கணவர், எங்கள் நாய் குட்டியின் முதுகில் பூட்டிய கைப்பிடியை இடக்கையால் பிடித்தபடி நடந்தார். தெருவோரக் கழிவுநீர்க் கான் வந்ததும் குட்டி நிற்க வேண்டும். அது நிற்கவில்லை. கழுத்தைத் திருப்பி என்னைத் தேடியது. அவர் கால் இடறியது. ரீச்சர் பாய்ந்து பிடித்திராவிட்டால் முகம் அடிபட்டிருக்கும்.

“பாத்தீங்களோ? எட்டு மாசமா இது தெருவைப் பழகேல்லை, உங்கட செருப்பைப் பழகியிருக்கு. நீங்கள் நிண்டால் நிக்குது, நடந்தால் நடக்குது.”

கழற்றிய செருப்பை எடுத்து முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

என் கணவர் கணக்கு வாத்தியார். கண்ணில் அழுத்தம் கூடி, நான்கு வருடங்களுக்கு முன் பார்வை முழுதாகப் போயிற்று. அதன்பிறகும் தனியார் வகுப்பு நடக்கும் ரியூட்டரியில் படிப்பிக்கிறார்; பெரிய கணக்கெல்லாம் மனதிலேயே போடுவார். போக வர அவர் கை என் தோளில். நான் வேகமாக நடப்பவள், அதைவிட வேகமாகக் கோபிப்பவள். ஒருநாள் மீன் கடையில் நான் வாய்ச்சண்டை பிடித்துக்கொண்டிருக்க, பின்னால் நின்றவர் மெதுவாகச் சொன்னார்: “இஞ்சாரும், சண்டை முடிஞ்சால் சொல்லும். எந்தப் பக்கம் திரும்பி நிக்கிறது எண்டு தெரியேல்லை.” கடைக்காரன் சிரித்துவிட்டான். நான் மீன் வாங்காமலே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கண் தெரியாதவர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்க வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர் ரீச்சர். அவரிடமிருந்து ஒரு வயதில் எங்களிடம் வந்தது குட்டி. வளர்ந்து மேசை உயரம் வந்த பிறகும் எங்களுக்கு அது குட்டிதான். ஒவ்வொரு நாளும் அவர்கள் நடக்க, நான் பத்தடி பின்னால் போவேன். அவர் விழுந்துவிடுவாரோ என்ற பயம். அந்தப் பயத்தில் எங்கெங்கே என் கால் தயங்கியதோ அங்கெல்லாம் குட்டியும் நின்றிருக்கிறது. நான் அதைக் கெட்டித்தனம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

“ரெண்டு கிழமை தாறன்,” என்றார் ரீச்சர். “நீங்கள் இல்லாமல் இவர் ரியூட்டரி வரைக்கும் போய்ச் சேரோணும். ஏலாட்டி நான் குட்டியைக் கூட்டிக்கொண்டு போறன். இப்ப வேற நாயும் இல்லை.”

அன்று மத்தியானம் என் கணவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “நாலு வருசமா ஒரு தேத்தண்ணிக் கடைக்குக்கூட நான் தனியப் போகேல்லை, தெரியுமோ?” என்றார். குறை சொல்லும் குரலில்லை அது. அதுதான் என்னைக் கொன்றது.

அந்த இரண்டு கிழமையும் குட்டிக்கு நான் சாப்பாடு வைக்கக் கூடாது, தடவக் கூடாது, கதைக்கவும் கூடாது. அது குசினிக்குள் வந்து என் முழங்காலில் தலையை வைக்கும். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு வெங்காயம் உரிப்பேன். வெங்காயம் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

வெளியில் வேறு தொல்லை. எங்கள் ஊரில் மான்கள் மாடுகள் மாதிரித் தெருவில் திரியும். மானைக் கண்டால் குட்டிக்கு உலகம் மறந்துவிடும், நட்டுவைத்த மாதிரி நிற்கும். “அப்பிடி நிண்டால் இரக்கம் பாக்காதேங்கோ. கண்டிப்பா ‘போ’ எண்டு சொல்லுங்கோ,” என்று ரீச்சர் அவருக்குச் சொல்லியிருந்தார்.

கடைசி நாள் வந்தது. என்னை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். ஓம் என்றேன். அவர்கள் வாசல் படலையைத் தாண்டியதும் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு குறுக்கு ஒழுங்கையால் ஓடினேன். ரியூட்டரிக்குக் கிட்ட, வீதிக்கு எதிர்ப்பக்கம் உள்ள மருந்துக்கடை நிழலில் போய் ஒளிந்தேன். தார் சுட்டது.

வந்தார்கள். நிமிர்ந்து, நல்ல வீச்சாக நடந்து வந்தார். அந்த நடையை நான் மறந்தே போயிருந்தேன். ரீச்சர் நாலடி பின்னால், விழப்போனால் மட்டும் பிடிக்க.

அப்போதுதான் பார்த்தேன். அவர் வரும் வழியில் கானின் கொங்கிரீட் மூடி ஒன்றைக் காணவில்லை. துப்புரவாக்க வந்தவர்கள் கழற்றி மதிலில் சாய்த்திருந்தார்கள். விழுந்தால் இடுப்பளவு பள்ளம். அதற்கு அப்பால் ஒரு மான், வாழைப்பழத் தோல் தின்றுகொண்டு.

குட்டி நின்றது. மானையா பார்க்கிறது, பள்ளத்தையா? எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் மான் வாடை பட்டிருக்க வேண்டும்.

“போ,” என்றார்.

அது அசையவில்லை.

“போ எண்டெல்லே சொல்லுறன்!” அவர் காலைத் தூக்கிவிட்டார்.

“குட்டீ! இஞ்ச வா!”

கத்தியது நான்தான். ஏன் அவரைக் கூப்பிடாமல் நாயைக் கூப்பிட்டேன் என்று இன்றுவரை தெரியாது. கத்திய பிறகுதான் பஸ்ஸைக் கண்டேன். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஹோர்ன் அடித்தபடி வந்துகொண்டிருந்தது. குட்டி என்னிடம் ஓடி வந்தால் அவரையும் இழுத்துக்கொண்டு நேரே அதன் முன்னால்தான் வரும். ஐயோ, என் வாயே!

பஸ் மறைத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது குட்டி அதே இடத்தில் நின்றது. உடம்பை அவர் முழங்காலுக்குக் குறுக்கே போட்டுத் தடுத்திருந்தது. ஒரு காது மட்டும் என் பக்கம் திரும்பியிருந்தது. அவர் மெல்லக் கால் விரலால் தடவினார், விளிம்பு தட்டுப்பட்டது. குனிந்து அதன் தலையைத் தொட்டார். பிறகு அது அவரைச் சுற்றி அழைத்துக்கொண்டு, மானைத் தாண்டி, ரியூட்டரி வாசலில் கொண்டுபோய் விட்டது.

நான் மருந்துக்கடைப் படியில் குந்தியிருந்து விக்கி விக்கி அழுதேன். ரீச்சர் வந்து என் வெறுங்காலைப் பார்த்தார்.

“நீங்கள் பெயில்,” என்றார். “அது பாஸ்.”

பின்னேரம் என் கணவர் தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, “உம்மட குரல் கேட்டது,” என்றார். “எனக்கே உம்மட்டை வந்திடோணும் போல இருந்தது. குட்டிதான் விடேல்லை.”

அடுத்த நாள் காலை வாசலில் அவர் கை என் தோளைத் தேடவில்லை. கைப்பிடியைத் தேடிப் பிடித்தது. நான்கு வருடம் கும்பிட்டுக் கேட்டது கிடைத்துவிட்டது. தோள் மட்டும் ஏனோ குளிர்ந்தது. படலை திறந்து, இரண்டு பேரும் போனார்கள். அவர்கள் மூலை திரும்பும்வரை நான் செருப்பைப் போடவில்லை.