மூன்று சிவப்புப் புழுக்கள்

சாயங்காலம் வாய்க்கால் ஓரமாக நடந்தால் தலைக்கு மேலே பூச்சிக் கூட்டம் ஒன்று கூடவே வரும். ஊரில் எல்லோரும் அதைக் கொசு என்பார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அது கொசு இல்லை. கடிக்காது, கடிப்பதற்கேற்ற வாயே அதற்குக் கிடையாது. சுவரில் உட்கார்ந்திருக்கும்போது பாருங்கள், கொசு பின்னங்காலைத் தூக்கி வைத்திருக்கும், இது முன்னங்காலைத் தூக்கி வைத்திருக்கும். இதுகூடக் கண்ணில் படவில்லையா என்று கல்யாண வீட்டுப் பந்தியில்கூடச் சண்டை போட்டிருக்கிறேன்.

அப்போது நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆராய்ச்சிக்கு இந்தக் கடிக்காத பூச்சியைத்தான் எடுத்திருந்தேன். "மீன் தவளைன்னு எடுத்தாலும் பரவாயில்ல, கொசுவைக் கட்டிக்கிட்டு அழறா" என்று அம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவாள். உலகத்தில் இதில் ஆயிரக்கணக்கான இனங்கள் உண்டு. எங்கள் வயலில் எத்தனை என்று தெரிந்துகொள்ள எனக்கு அப்படி ஓர் ஆசை. அந்த விடுமுறையில் மைக்ராஸ்கோப்பை மடியில் வைத்துக்கொண்டு கீழ்வேளூர் பஸ்ஸில் ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

ஊர் சரியாக இல்லை. குடியிருக்கும் மனை குடியிருப்பவருக்கே என்று சட்டம் வந்த புதிது. டீக்கடையில் கறுப்பு சிவப்புக் கொடி, தெற்குத் தெருவில் செங்கொடி. கூலிப் பேச்சில் அப்பா இறங்கி வராததால், நாற்றங்காலில் கட்டிய தண்ணீர் விதைக்க ஆளில்லாமல் நாள்கணக்கில் அப்படியே கிடந்தது. ஒருவழியாகச் சமாதானமாகி, முளைகட்டிய விதையைத் தெளித்தார்கள். ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். விரல் உயரம்கூட வராத நாற்றில் பாதிக்கு மேல் பெயர்ந்து மிதந்தது. காற்று அதையெல்லாம் ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருந்தது.

"கையால பறிச்சு விட்டிருக்காளுங்க" என்றார் அப்பா. அவர் மனதில் இருந்தது ஒரே ஒருத்திதான். நடவுப் பெண்களுக்கெல்லாம் முன்னால் நின்று கூலி பேசியவள். என் அம்மாவைவிட மூத்தவள். அவளை நான் 'நீ' என்றுதான் கூப்பிடுவேன், அது தப்பு என்றுகூட அன்றைக்குத் தோன்றவில்லை.

நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாற்றங்காலில் இறங்கினேன். மிதந்த நாற்றை எடுத்து லென்ஸில் பார்த்தேன். கையால் இழுத்திருந்தால் வேர் அறுந்திருக்கும். இது கொறித்த வேர். அடிச்சேற்றில் கையை விட்டு அள்ளினால், சேற்றால் கட்டிய சின்னச் சின்னக் குழாய்களுக்குள் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. என்னுடைய பூச்சியின் குழந்தைகள்! சேறு சொட்டச் சொட்ட வீட்டுக்கு ஓடினேன்.

"அப்பா, பறிச்சது யாருமில்ல. புழு."

"எந்தப் புழு?" என்றார் அப்பா, வக்கீல் மாதிரி.

அவர் ஏதோ வாய்க்கு வந்ததைத்தான் கேட்டார். ஆனால் கேள்வி சரியான கேள்வியாக இருந்து தொலைத்தது. சேற்றில் மூன்று விதமாவது இருப்பதைப் பார்த்திருந்தேன். புழுவாக இருக்கும்போது அதற்குப் பேர் வைப்பது கஷ்டம், பூச்சியாகி வெளியே வரவேண்டும், அதிலும் ஆணாக இருக்கவேண்டும். "உறுதியாச் சொல்லப் பத்து நாள் ஆகும்ப்பா" என்றேன், பெருமையாக.

"சரி, உறுதியாத் தெரிஞ்சதும் சொல்லு."

அம்மாவின் ஊறுகாய் ஜாடி, டம்ளர், மருந்து பாட்டில் எல்லாம் என் வசமாயின. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சேறு, ஒரு முளைவிட்ட நெல், ஒரே ஒரு புழு. வாயில் கொசுவலைத் துணி. எந்த ஜாடியில் நாற்று மிதக்கிறது, அந்த ஜாடியிலிருந்து எந்தப் பூச்சி வருகிறது என்று நோட்டில் குறித்தேன். அந்தப் பத்து நாள் போல நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் குறைவு. வெளுத்த பச்சையில் பெரியது ஒன்று, சிறகில் கறை படிந்த பழுப்பு ஒன்று, சிறகெல்லாம் மயிராகக் கடுகளவில் ஒன்று. ஆணின் மீசை பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி இருக்கும். வால் நுனியில் ஓர் இடுக்கி. இனத்துக்கு இனம் அந்த இடுக்கி வேறு. அப்பா எட்டிப் பார்த்து, "பூச்சியிலயும் இத்தனை ஜாதியா?" என்று சிரித்தார்.

நடுவில் ஒருநாள் அம்மா வந்து சொன்னாள்: "இந்தப் போகத்துக்குத் தெற்குத் தெரு ஆளுங்க யாருக்கும் வேலை இல்லைன்னு சொல்லிட்டாரு உங்கப்பா. திருத்துறைப்பூண்டிப் பக்கத்துலேர்ந்து ஆள் வருதாம், நாத்தும் வெளியில வாங்கறாராம்." காதில் விழுந்தது. அன்றைக்குத்தான் முதல் ஆண் வெளியே வந்திருந்தது. "ம்" என்று சொல்லிவிட்டு மைக்ராஸ்கோப்பில் குனிந்துகொண்டேன்.

பத்தாம் நாள் எல்லாம் தெளிவாகிவிட்டது. நாற்று மிதந்த ஜாடிகளிலிருந்து வந்தது அந்தப் பச்சை. அப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"அழகாத்தான் இருக்கு" என்றார். "ஆனா நடவு நடந்துக்கிட்டிருக்கே, இனிமே என்ன?"

தெற்குத் தெருவுக்கு ஓடினேன். அவள் வீடு பூட்டியிருந்தது. கோடியக்கரைப் பக்கம் உப்பளத்து வேலைக்குப் போகிறார்கள், பஸ்ஸுக்கு நிற்பார்கள் என்றார்கள். ரோட்டில் இரண்டு மூட்டையும் ஒரு அலுமினியக் குடமுமாக அவளும் புருஷனும் நின்றிருந்தார்கள்.

"நீ பறிக்கல. புழுதான். கண்டுபிடிச்சுட்டேன்" என்றேன், மூச்சு வாங்க.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"நான் பறிக்கலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும் பாப்பா. உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

அந்த மூன்றில் எது கொறித்திருந்தால் என்ன, அவள் கை அதில் இல்லை. வேரை லென்ஸில் பார்த்த அந்த முதல் நாளே அது எனக்குத் தெரியும். மீதிப் பத்து நாளும் எனக்காக.

"இன்னிக்குத்தான்" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டாள்.